நேர்ந்துவிட்ட சிவப்புச் சேவல்

என் ராசாத்தி பஞ்சவர்ணத்துக்கு,

நீ திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அடைவைத்துவிட்டுப் போன முட்டைகள் பொரிந்துவிட்டன. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று கூடைக்குள் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டாயே, அவை அப்படியே கிடந்தன. குஞ்சுகளைப் பார்க்கத்தான் நீ இல்லை.

தோப்பைச் சுற்றிக் கீரி திரிகிறது, கோழிகளைக் கம்பிவலைக்குள் அடைக்கலாம் என்று எத்தனை முறை சொன்னேன்? “அடைச்சுப் போட்டா அதுக சீக்காளியாப் போயிரும். செத்த நேரம் உக்காந்து பாத்துக்கிட்டா என்னவாம்?” என்பாய். கோழிக்குக் காவலிருக்கவா உன்னைக் கட்டினேன் என்று கேலி பேசுவேன். இப்போது தினமும் தென்னைமரத்தடியில் அந்த வேலைதான் பார்க்கிறேன். சிரிக்கிறாயா?

உனக்குத் தெரியாத ஒரு சேதி. நீ கண் திறக்காமல் கிடந்த அன்று உன் சிவப்புச் சேவலைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டேன். இவள் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும், சேவலை அறுத்துப் பொங்கல் வைக்கிறேன் என்றேன். உயிரில்லாத உன்னைத் தூக்கிக்கொண்டுதான் ஆத்தூர் வீட்டுக்கு வந்தோம்.

காரியம் முடிந்ததும் என் அக்கா பேச்செடுத்தாள்.

“நேந்தது நேந்ததுதான்டா அப்பு. சாமி பொருள வீட்டுல வச்சிருக்காத.”

“சாமி கேட்டதச் செய்யலையேக்கா. நான் மட்டும் எதுக்குச் செய்யணும்?”

அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவ்வளவு கோபம், பஞ்சவர்ணம். இன்னும் தீரவில்லை.

போன வாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனேன். அதற்குள் கீரி குஞ்சுகளிடம் வந்துவிட்டது. சேவல் போட்ட சத்தம் கேட்டுக் கம்போடு ஓடிவந்தேன். கழுத்தில் கடிபட்டும் அது வழிவிடாமல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் கீரி வேலிக்குள் புகுந்து ஓடிவிட்டது. குஞ்சுகள் அத்தனையும் தாய்க்கோழியின் இறக்கைக்குள் பத்திரமாக இருந்தன. சேவல் மட்டும் என் கையிலேயே உயிரை விட்டது.

“பாத்தியா, சாமி தனக்குள்ளதத் தானே எடுத்துக்கிருச்சு” என்றாள் அக்கா.

எடுத்துக்கொண்டதென்றால் நீ வீட்டுக்கு வந்திருக்க வேண்டுமே? அன்று சாயங்காலம் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காபிகூட ரெண்டு பேருக்குப் போட்டேன்.

சேவலைக் குழம்பு வைக்க மனசு வரவில்லை. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன்.

உன் குஞ்சுகளை வலைக்குள் அடைக்க மாட்டேன். அவை மேயட்டும், நான் பக்கத்திலேயே இருப்பேன், இருட்டுவதற்குள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடிவிடுவேன். ஆனால் இனி ஒன்றைக்கூட எந்தச் சாமிக்கும் நேர்ந்துவிட மாட்டேன். கேட்டு வாங்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உன் கோழிகளுக்குக் காவலிருக்கும்
உன் வீட்டுக்காரன்