வேந்தரின் உறக்கத்தைத் தோளால் அறிந்தவர் குறித்து அலைவாய் அரசியாருக்கு விடுத்த ஓலை

மழை பருவம் தவறாதிருக்க. மடை உடையாதிருக்க. முடிசூடிய தலை முதல் கொட்டிலில் கட்டிய கன்று வரை எல்லார் கண்ணும் உரிய பொழுதில் மூடி உரிய பொழுதில் திறக்க.

ஏழு குன்றும் இரண்டு ஆறும் தம்முடையதாக ஆளும் மேழிமலை நாட்டுக் கோமகனார், ஏறு பொறித்த கொடியுடையார், எழுபது நிறைந்தும் பல் ஒன்றே இழந்தார், மேழிக்கோ வயமான் சேந்தர் பணித்தருள, அவருடைய ஓலைநாயகம் பூதன் தேவன் எழுதுவது.

முத்து விளையும் துறையும் உப்பு விளையும் அளமும் உடைய அலைவாய் நாட்டு அரசியார், எங்கள் வேந்தருக்கு மூத்த உடன்பிறந்தார், வளைக்கண்ணி நாச்சியார் திருமுன் இவ்வோலை பணிவுடன் வைக்கப்படுகிறது. தங்கள் கப்பல்கள் காற்றோடு சென்று காற்றோடு திரும்புகின்றனவா என்றும், தங்கள் வலது முழங்கால் எவ்வாறு உள்ளது என்றும் வேந்தர் வினவுகிறார்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. ஆறு திங்களாக இரவில் கண் பொருந்தவில்லை என்றும், இனியும் துயில் வாராதாயின் முடியை இறக்கி வைத்துவிட்டு ஆளில்லாத் தீவொன்றுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருப்பதாகவும், தம்பி மட்டும் எப்படி உறங்கப்பெற்றான் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் பணித்திருந்தீர்கள். ஒளிக்காமல் என்ற சொல்லைக் கேட்டு வேந்தர் மூன்று முறை இருமினார். பிறகு, அப்படியே எழுதும் என்றார். இந்நாட்டில் சான்று சொன்னவர் சொல்லை ஓலை எழுதுவோன் திருத்தலாகாது என்பது விதி. ஆகையால் சில இடங்களில் வாய்ப்பேச்சு வாய்ப்பேச்சாகவே வரும், பொறுத்தருள்க.

முந்தைய இரவு உறங்காத வேந்தர் மறுநாள் தீர்ப்பு எழுதலாகாது என்பது மேழிமலை நாட்டின் பழஞ்சட்டம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற தைத் திங்களில் பேரேரியின் நீர் இறங்கியபோது, மேல்மடை ஊராருக்கும் கீழ்மடை ஊராருக்கும் யார் முதலில் நீர் பாய்ச்சுவது என்று வழக்கு எழுந்தது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்த வேந்தரின் இரவுத் துயில் அப்போது அறவே நின்றிருந்தது. தீர்ப்பு வரும்வரை ஒருவரும் தொடலாகாது என்று மதகுக்கு முத்திரை வைக்கப்பட்டது. கதிர் பால் பிடிக்கும் பருவம். நீர் ஏரியில் நின்றது. பயிர் வயலில் நின்றது. இரண்டுக்கும் நடுவே வேந்தரின் உறங்காத கண் நின்றது.

அன்றுமுதல் இரண்டு ஊராரும் பகையை மறந்து, விடியும்போதே அரண்மனை வாயிலில் ஒன்றாகக் கூடினர். சாமி தூங்கினாரா என்று கேட்பார்கள். இல்லை என்றால், கொட்டாவியாவது விட்டாரா என்று கேட்பார்கள். அதுவும் இல்லை என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

செய்யாத மருத்துவம் இல்லை. ஏழு ஊர் இலவம்பஞ்சை ஒரே மெத்தையில் அடைத்தார்கள். அதில் ஏறிய வேந்தர் உள்ளே அமிழ்ந்துபோக, அவரைத் தேடி எடுக்கவே முதல் சாமம் கழிந்தது. அரண்மனை மருத்துவர் பொன்னம்பூதனார் சாதிக்காய் இழைத்த எருமைப்பாலை நாளுக்கொரு படி உயர்த்திக் கொடுத்தார். வேந்தர் பருத்தார், எருமை இளைத்தது. யாழ்ப்பாடினி ஒருத்தி தாலாட்டுப் பண்ணை எடுத்தாள். காவலர் அறுவர் நின்றபடியே உறங்கினர். யானை இரண்டு உறங்கின. அன்று மதில் ஏறி வந்த பகைநாட்டு ஒற்றன் மதில்மேலேயே குப்புற உறங்கிக் காலையில் பிடிபட்டான். முடிவில் பாடினியும் உறங்கிப்போனாள். வேந்தர் எழுந்து சென்று அவளுக்குப் போர்வை போர்த்திவிட்டுக் கல் பாவிய முற்றத்தில் உலாவினார்.

இங்கே நொச்சன் என்பானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேந்தரின் பல்லக்கைத் தூக்கும் நால்வரில் முன்கொம்பின் வலப்பக்கம் அவனுடையது. ஊர் கீழ்மடை. அறுபது நிறைந்த வேந்தர் மண்ணில் கால்வைத்து வெளியே செல்லலாகாது, பல்லக்கிலேயே செல்ல வேண்டும் என்பது மரபாதலால், பத்தாண்டாக நாள்தோறும் உண்ட பின் பிற்பகலில் வேந்தர் நகர்வலம் வருவதும், நொச்சன் சுமப்பதும் வழக்கமாயிருந்தன.

பல்லக்கினுள் வேந்தரின் கண் மூடினால் அதற்கு உறக்கம் என்று பெயரில்லை. நாட்டை எண்ணுகிறார் என்றே சொல்ல வேண்டும். உறங்கினார் என்று சொன்னவர் பணி இழப்பார், ஊரையும் நீங்குவார். அவ்வாறே அரண்மனைக் குறிப்போலைகளில், வேந்தர் பத்தாண்டாக நாள் தவறாமல் ஆறு நாழிகை நாட்டை எண்ணியதாக எழுதப்பட்டுள்ளது. அதைப் படித்து உள்ளம் உருகாத அமைச்சர் இல்லை. மருத்துவரும் அதைப் படித்துவிட்டுத்தான், பகலில் இமையும் கொட்டாத ஒருவருக்கு இரவில் ஏன் துயில் வரவில்லை என்று நூல் நூலாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நொச்சனுக்கு நூல் இல்லை, தோள் இருந்தது. விழித்திருக்கும் ஆள் தன் பாரத்தில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்கிறான். உறங்கும் ஆள் முழுவதையும் சுமப்பவனிடம் விட்டுவிடுகிறான். இதை அவன் எவரிடமும் கற்கவில்லை. பெரிய புளியமரம் தாண்டியதும் கொம்பு அழுத்தத் தொடங்கும். செங்கல் சூளை வரும்போது முழுப் பாரமும் இறங்கிவிடும். தேர்முட்டி திரும்புகையில் மெல்ல எழும். கோமகனாரின் உறக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இந்நாட்டில் அவன் ஒருவனுக்கே, அதுவும் வலத்தோள் ஒன்றுக்கே தெரிந்திருந்தது.

ஒருநாள் காலை அவன் மனைவி வல்லாயி ஒரு பிடிப் பயிரை வேரோடு பிடுங்கி வந்து அவன் முன்னே போட்டாள். கதிரைக் கசக்கினால் பதராக உதிர்ந்தது.

“இன்னும் அஞ்சு நாளு. அதுக்கப்புறம் தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன? மாடு திங்கத்தான் ஆகும்.”

“மகாராசா தூங்கினாத்தானே புள்ள தீர்ப்பு?”

“பகல் பூரா உன் தோள்ல தூங்கினா ராவுல எங்கிருந்துய்யா வரும்? பத்து வருசமா எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே, அந்த வாயி அங்க போனா ஒட்டிக்குதா?”

“சொன்னா ஊர விட்டே தொரத்திருவாங்க.”

“பயிரு செத்தா ஊர்ல இருந்து என்னத்தத் திங்கப்போற? பல்லக்குக் கொம்பையா?”

நொச்சன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்குப் புறப்பட்டான்.

பல்லக்குத் தூக்குவோர் வேந்தரிடம் வாய் திறக்கலாகாது. ஆயினும் முன்னே செல்பவன், பாதையில் கிடக்கும் கல்லையும் பள்ளத்தையும் பின்னே வருவோர்க்குப் பாட்டாகச் சொல்லலாம். அதை எவரும் தடுப்பதில்லை. தடுத்தால் விழப்போவது வேந்தரே. அந்த ஒரு சந்துதான் நொச்சனுக்குத் திறந்திருந்தது. அன்று பிற்பகல் புளியமரம் தாண்டியதும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உண்மை முழுவதையும் பாடி முடித்தான். ஆனால் வேந்தர் அதற்குள் நாட்டை எண்ணத் தொடங்கியிருந்தார். பாட்டு மற்ற மூவர் காதில் மட்டுமே விழுந்தது.

மறுநாள் நொச்சன் பிழை திருத்திக்கொண்டான். புளியமரம் வரை காத்திராமல், அமைச்சரும் மருத்துவரும் வழியனுப்பி நிற்கும் அரண்மனை வாயிலிலேயே குரலெடுத்தான்.

“கல்லு கெடக்கு, பார்த்து வா!
பள்ளம் கெடக்கு, பார்த்து வா!
புளியமரம் தாண்டும் முன்னே
புண்ணியவான் கண்ணசருவார்!
பகலையெல்லாம் தூங்கிப்புட்டா
ராவுக்கேது? பார்த்து வா!”

கொம்புகள் நின்றன. வாயிலில் தழை மென்றுகொண்டிருந்த யானை மெல்வதை நிறுத்தியது. திரை விலகி, கோமகனாரின் முகம் வெளிப்பட்டது. யாரைக் குறித்துப் பாடினாய் என்று அவர் வினவினார்.

“பாதையில இருக்கறதத்தான் சாமி பாடணும். பாதையில இது இருந்துச்சு.”

அமைச்சர் விதியைப் படிக்கத் தொடங்கினார். வேந்தர் கையமர்த்தி, நாம் உறங்குவதே இல்லை, அதை இன்றே மெய்ப்பிப்போம் என்றார். மருத்துவர் ஓர் எலுமிச்சம்பழத்தை வேந்தரின் உள்ளங்கையில் வைத்து, அக்கையைத் திரைக்கு வெளியே நீட்டச் செய்தார். விழித்தவர் கை பிடித்திருக்கும். உறங்கியவர் கை விட்டுவிடும். வேந்தர் விழித்திருக்கிறாரா உறங்குகிறாரா என்று நொச்சன் பின்னே திரும்பாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும்; ஒரு தடவை பிசகினாலும் அக்கணமே எல்லைக்கு நடக்க வேண்டும்.

பல்லக்கு புறப்பட்டது. இரண்டு ஊர் மக்களும் மூச்சை அடக்கிக்கொண்டு இருபுறமும் வந்தனர்.

“முழிச்சிருக்கார்,” என்றான் நொச்சன். புளியமரத்தடியில் உள்ளிருந்து குறட்டை ஒலி எழுந்தது. நொச்சன் பிசகிவிட்டான் என்று மருத்துவர் முகம் மலர்ந்தது. நொச்சன் தலையை ஆட்டினான். “இது வெறுஞ்சத்தம் சாமி. கனக்கல.” உள்ளே வேந்தர் சிரித்துவிட்டார், பழம் கையிலேயே இருந்தது.

செங்கல் சூளை நெருங்கியது. நொச்சனின் நடை தளர்ந்தது. தன் பயிரும் தன் ஊரும் அந்த ஒரு தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதை அவன் அறிவான். அருகில் வந்தவர்க்கு மட்டும் கேட்கும் தணிந்த குரலில், “இப்போ இறங்கிட்டார்” என்றான்.

அந்தச் சொல் முடிவதற்குள் கோமகனாரின் விரல்கள் விரிந்தன. பழம் விழுந்தது. ஒரு குதி குதித்து, உருண்டு, மருத்துவரின் காலடியில் போய் நின்றது.

இவ்வோலை எழுதுவோனும் தன் எண்பத்தோராம் ஆண்டில் அக்கூட்டத்தில் நின்றான். சூளையில் வெந்த செங்கற்கள் உள்ளே விரிசல் விடும் ஒலி கேட்டது. நாற்பதாண்டு நூல் கற்ற பொன்னம்பூதனார் புழுதியில் மண்டியிட்டு அந்தப் பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேந்தர் விழித்து, வழக்கம்போல, நாட்டை எண்ணிக்கொண்டிருந்தோம் என்றார். மருத்துவர் பழத்தை நீட்டினார். வேந்தர் பழத்தைப் பார்த்தார். பிறகு நொச்சனின் தோளைப் பார்த்தார். கொம்பு பதிந்து பதிந்து அங்கே ஒரு விளாங்காய் அளவுக்குத் தோல் காய்த்துப்போயிருந்தது.

“எத்தனை நாளாக?”

“பத்து வருசம் சாமி.”

“எவ்வளவு நேரம்?”

“தெனமும் ஆறு நாழிகை. மழை நாள்ல ஏழு.”

இதுமுதல் நொச்சனை அவர் என்றே எழுதுக என்று வேந்தர் பணித்திருப்பதால், அவ்வாறே எழுதப்படுகிறது.

கோமகனார் பல்லக்கிலிருந்து இறங்கினார். பத்தாண்டுக்குப் பின் அந்தப் பாதங்கள் மண்ணைத் தொட்டன. நொச்சனார் அருகே ஓடிவர, அவர் தோளில் ஒரு கை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பிற்பகல் வெயிலில் ஏரிக்கரை ஏறி, மேல்மடை கடந்து, கீழ்மடை வயல் வரை வேந்தர் நடந்தார். வெடிப்பு விட்ட வயலில் அவருடைய கட்டைவிரல் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. திரும்பியும் நடந்தே வந்தார். அந்தி சாய்வதற்குள் இரண்டு இலைச் சோறு உண்டார். உண்டு முடிக்கையில் ஒரு கொட்டாவி விட்டார். அது பரிமாறியவரைத் தொற்றி, காவலரைத் தொற்றி, வாயிலில் நின்ற மேல்மடையாரையும் கீழ்மடையாரையும் வேற்றுமையின்றித் தொற்றி, ஆற்றின் அக்கரையில் வலை உலர்த்தியவர் வாயையும் திறக்க வைத்ததாகச் சான்று உண்டு.

பிறகு வேந்தர் உறங்கினார். பாட்டில்லை, பாலில்லை, மெத்தையைக் கீழே தள்ளிவிட்டுப் பாயில் உறங்கினார். குறட்டை எழுந்தபோது கோயில் மணி அடிப்பாரின்றித் தானே முரன்றது. நகரத்துப் பெண்கள் சிலம்பைக் கழற்றினர். மாட்டுக் கழுத்து மணிகளில் வைக்கோல் திணிக்கப்பட்டது. சேவல்களைக் கூடையிட்டு மூடினர். வறண்ட நாட்டில் தொலைவில் மழை வரும் ஓசையை எப்படிக் கேட்பார்களோ, அப்படி மக்கள் முற்றங்களில் கைகட்டி நின்று, அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். சிலர் அழுதனர்.

விடிந்ததும் வேந்தர் தம் கையால் தீர்ப்பெழுதினார். பகல் நீர் மேல்மடைக்கு, இரவு நீர் கீழ்மடைக்கு. பயிர் வாடியிருப்பதால் முதல் முறை கீழ்மடைக்கு. மதகின் முத்திரையையும் தாமே உடைத்தார். வல்லாயி குறித்த ஐந்து நாளில் மூன்று மீதமிருந்தன.

அமைச்சர் மட்டும் விதியை மறக்கவில்லை. வேந்தர் பகலில் உறங்கினார் என்று சொன்னவர் ஊரை நீங்கியே ஆக வேண்டும் என்றார். விதி விதிதான் என்று வேந்தர் ஒப்புக்கொண்டார். ஊரை நீங்க வேண்டும் என்று உள்ளதே தவிர, எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை என்பதையும் அவரே படித்துக் காட்டினார். ஆகவே நொச்சனார் ஊரை நீங்கி, அலைவாய் நாடு சென்று திரும்ப வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வோலையைத் தங்கள் முன் நீட்டி நிற்பவர் அவரே.

தாங்கள் பகலில் ஒரு கணமும் கண் மூடுவதில்லை என்று எழுதியதை ஐயுறுவார் இந்நாட்டில் எவருமில்லை. ஆயினும் ஒரே ஒரு பிற்பகல் தங்கள் பல்லக்கின் முன்கொம்பை இவர் தோளுக்குத் தருக. இவர் பாடுவது எதுவாயினும் பாடி முடிக்க விடுக. இவர் உடலிலோ உரிமையிலோ ஒரு கீறல் விழலாகாது. விழுந்தால் அது எங்கள் கோமகனார் மேல் விழுந்ததாகவே கொள்ளப்படும். அறுவடைக்கு முன் இவரைத் திருப்பி அனுப்புக. தவறினால் என்ன ஆகும் என்பதை வல்லாயி அரண்மனை வாயிலில் வந்து வேந்தரிடமே எடுத்துரைத்துள்ளார். அது ஓலையில் எழுதத்தக்க மொழியில் இல்லை.

ஏறு பொறித்த அரக்கு முத்திரை இட்டு, பேரேரியின் மதகு திறந்த பதினோராம் நாள், முற்பகலில் இவ்வோலை கட்டப்பட்டது. இதைக் கேட்டோர் நன்கு உறங்குக. கேட்டபடி செய்தோர் அதனினும் நன்கு உறங்குக. கட்டுவதற்கு முன் வேந்தர் எழுத்தாணியை வாங்கி, உடன்பிறந்த உரிமையில், தம் கையால் அடியில் கீறிய ஆணை இது:

அக்கா, நட.