சிறுத்தைத் தோலின் இலக்கப்பட்டி

மே 4, திங்கள்
ஆப்பிரிக்கக் காற்று. வெக்கை. ஜன்னலெல்லாம் மண்.
இங்கே இத்தாலியில், கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு முதலாளி சின்யோரேக்குப் பெட்டி வந்தது. உள்ளே அவர் தான்சானியாவில் சுட்ட சிறுத்தையின் தோல். கூடவே கடதாசிக் கட்டு: வேட்டையாட அனுமதி, அங்கிருந்து வெளியேற அனுமதி, இத்தாலிக்குள் நுழைய அனுமதி. செத்த பிறகும் எங்களைப் போல பெர்மெஸ்ஸோ, அனுமதிக் கடதாசி, வேண்டும். பாவம், நம்ம ஆள்.
வியாழன் வனத்துறைப் பொலிஸ் பார்க்க வரும். அது முடிந்ததும் எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் என்றார் சின்யோரே. கிடைத்தால் மனைவியை மன்னாரிலிருந்து கூப்பிடலாம்.
தோலைத் தூசி தட்டினேன். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டி. புது உடுப்பில் விலைச்சீட்டு வெட்டுகிற மாதிரி வெட்டிப் பையில் போட்டேன். சுத்தமான வேலை.

மே 5, செவ்வாய்
வெங்காயம், சவர்க்காரம் வாங்க வேண்டும்.
என் காற்சட்டைப் பையில் பட்டியைக் கண்ட மகள் ஜெனி போனில் தேடினாள்.
"அப்பா, இது சிறுத்தையின்ரை நம்பர்! இது தோலிலை இல்லாட்டி பெர்மெஸ்ஸோ செல்லாது. தோலைப் பறிப்பினம்."
"திருப்பிப் பூட்டேலாதோ?"
"ஒருக்காத்தான் பூட்டுமாம். ஐயோ மதோன்னா, அப்பா!"
சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தட்டுத்தான்.

மே 6, புதன்
பசை வாங்கி, வெட்டிய முனைகளை வீட்டில் ஒட்டிப் பார்த்தேன்.
ஜெ. கத்தினாள்: "ஒட்டினா கள்ளத் தோல் எண்டெல்லோ நினைப்பினம்! உண்மையைச் சொல்லுங்கோ."
திரும்பிப் பார்த்தேன். பட்டி பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. சுடுதண்ணீர், தேங்காய் எண்ணெய். ஒன்றும் சரிவரவில்லை.
சின்யோரேக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நாளை பொலிஸிடம் நீயே சொல்," என்று வைத்துவிட்டார்.

மே 7, வியாழன்
தூறல். காற்று விட்டது.
அதிகாரி ஒரு பெண். தோலைப் புரட்டினார். "பட்டி எங்கே?"
பெருவிரலை நீட்டினேன். சின்யோரே சுவரைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன், இத்தாலியன் வராத இடத்தில் கத்தரி மாதிரி விரலாட்டி.
அவர் கண்ணாடி போட்டு, என் கையைப் பிடித்து, எண்ணை அனுமதியோடு ஒப்பிட்டார்.
"சரி. தோல் இதுதான். மறைக்காமல் சொன்னது நல்லது. ஆனால் பட்டி இருப்பது உங்கள் மேல். சுவரில் மாட்ட வேண்டியது உங்களைத்தான்."
முதலில் சிரித்தது சின்யோரே. அதிகாரி அறிக்கை எழுதினார். புதுப்பட்டி வரும்வரை தோல் வீட்டை விட்டு அசையக்கூடாது. சின்யோரேயின் மனைவி சின்யோரா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் என் விரலை மீட்டார்.

மே 8, வெள்ளி
வெயில். வேலை ஒப்பந்தத்தில் சின்யோரே கையெழுத்திட்டார். பிறகு நான். விரல் இன்னும் மடங்கவில்லை. நண்டு நடந்த மாதிரிக் கையெழுத்து. செல்லுமாம்.
மன்னாரில் மனைவிக்குப் போன் எடுத்தேன்.
"இஞ்சரும், சூட்கேசை இறக்கும்."
"விளையாடாதேங்கோ."
"உண்மைதான். புது உடுப்பு வாங்கினா, சீட்டை வெட்டாமல் கொண்டு வாரும்."