அறுபத்திரண்டாம் தகடு

உன் ஜாக்கெட்டை என் அறைக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை உன் மகள் மெற்றில்டா கொண்டுவந்து தந்தாள். "அன்ரி, மம்மாட ஜாக்கெட். லவாரே பண்ணேல்லை. பண்ண மனம் வரேல்லை," என்றாள். கழுவாமல் விட்டது நல்லதுதான். கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் பெற்றோலும் உப்பும் ரப்பரும் கலந்த மணம் வருகிறது. அதற்குள் எங்கோ நீ எந்நேரமும் வாயில் போட்டு உருட்டுகிற கராம்பும் இருக்கிறது. நான் தங்கியிருந்து பார்க்கிற லிபெர்த்தா சிஞ்ஞோராவுக்குக் கண்ணும் காதும் மங்கிவிட்டன, மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. "வீட்டிலே யாரோ புதிதாக வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். என் சிநேகிதி என்றேன். வேறென்ன சொல்ல?

வலது பக்கப் பைக்குள் கையை விட்டபோது தகடு தட்டுப்பட்டது. ஒலிவ் எண்ணெய் ரின்னில் வெட்டிய தகடு. ஒரு பக்கம் ஆணியால் குத்திக் குத்தி எழுதிய அறுபத்திரண்டு, மறுபக்கம் ஒலிவ் மரத்தின் அரைவாசி. பத்து மாதமாக இது எங்கே போனதென்று எனக்குத் தெரியும், ஆனாலும் கையில் எடுத்தவுடன் கட்டிலில் இருந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்லப்போகிறேன். சொல்லாமல் விட்டால் கடைசியில் இருக்கிற விஷயத்தைச் சொல்ல வராது. பொறுமையாகக் கேள். உனக்கு அது இருந்ததே இல்லை.

மொண்டெல்லோவில் கோடையில் இத்தாலிக்காரர் குவிந்து கால் வைக்க இடமில்லாத அந்தக் கடற்கரை, கார்த்திகை பிறந்ததும் வெறுமையாகிவிடும். அதற்குப் பிறகுதான் பாய்ப்படகுக் கழகத்தில் எங்களுக்கு வேலை தொடங்கும். பங்குனி வரைக்கும் ஞாயிறு தவறாமல் குளிர்காலப் போட்டி. ஓராள் ஓட்டுகிற சின்னப் படகுகள், இருவர் ஓட்டுகிற இரட்டை உடல் படகுகள். அந்த இரட்டைப் படகைக் கத்தமரானோ என்கிறார்கள் என்று நான் சொன்ன அன்று, நீ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "இதிலை மரமும் இல்லை, கட்டும் இல்லை. ஆர் இவங்களுக்குப் பேர் குடுத்தது?" என்றாய். வக்கீல்மாரும் டொக்டர்மாரும் பல் கிடுகிடுக்க ரப்பர் உடுப்புக்குள் நுழைவதைப் பார்த்து, "மாரிக்கை விரும்பி நனையிற சனத்தை இஞ்சைதான் கண்டனான்," என்பாய். அதைச் சொல்லிக்கொண்டே அவர்களோடு நீயும் போய் நனைவாய்.

குசினி வேலைக்கென்றுதான் கழகம் உன்னை எடுத்தது. ஒரு ஞாயிறு ரப்பர் படகு ஓட்டுகிறவன் வரவில்லை. நீ ஏப்ரனைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுப் போய் எஞ்சினை இழுத்தாய். மன்னாரில் உன் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நீதான் எஞ்சினைப் பிடித்தாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். போட்டியை நடத்துகிற கிழவர், நாங்கள் ஊதுகுழல்காரர் என்று பெயர் வைத்தவர், ஊதப்போன குழலை ஊதாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து மிதவை போடுவதும், கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும், பாய் கிழிந்தவர்களை இழுத்துவருவதும் உன் வேலை. மாதா கோயில் ஞாயிறுப் பூசையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டாய். நான் வன்னியில் குளத்தில் மட்டும் குளித்தவள். கரையில் படகு ஏற்றிய வண்டில் தள்ளுவதும், பாஸ்தா பரிமாறுவதும், பலகை பார்ப்பதும் என் வேலை. "உங்கடை பிள்ளையார் நீந்துவாரோ?" என்று கேட்பாய். எலி நீந்தும் என்பேன்.

அந்தப் பலகை. அறுபது படகுக்கு அறுபது ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் இலக்கம் போட்ட ஒரு தகடு. கடலுக்குப் போகிறவர் தன் தகட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து தானே கொழுவ வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் கொழுவக்கூடாது. ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் தண்ணீரில். எல்லா ஆணியும் நிறைந்த பிறகு ஊதுகுழல்காரர் வோக்கிடோக்கியில் கேட்பார், நான் "துத்தி ஆ தேர்ரா" என்பேன். எல்லாரும் கரையில் என்று அர்த்தம். ஆறு நாளும் சிஞ்ஞோராவின் வீட்டில் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறவளுக்கு, ஏழாம் நாள் ஒரு கூட்டமே காத்திருந்து கேட்கிற ஒரு வசனம் கிடைத்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு நல்ல விருப்பம். நீ அதற்காக என்னை எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறாய்.

மூன்றாவது மாரியில் அந்த ஞாயிறு. ஷிரோக்கோ அடித்தது, கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. அறுபது தகடும் வந்துவிட்டன. ஊதுகுழல்காரர் கேட்டார், நான் சொன்னேன். அவர் வோக்கியை நிறுத்தினார். எல்லாரும் உள்ளே வந்தார்கள். நான் பாஸ்தா போட்டேன். உனக்கென்று ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, ஜன்னல் ஓரம் வைத்தேன். இரண்டாம் முறை கேட்டவர்களுக்கும் போட்டேன். சட்டி கழுவத் தொடங்கினேன். அப்போதுதான் மூடின தட்டு அப்படியே இருப்பது கண்ணில் பட்டது.

கடைசி மிதவையின் கயிறு உன் எஞ்சினில் சுற்றியிருந்தது. நீ வோக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். கேட்க ஒருவரும் இல்லை, ஏனென்றால் எல்லாரும் கரையில் என்று நான் சொல்லிவிட்டேன். கழகத்து மற்றப் படகு போய் உன்னைக் கண்டுபிடித்தபோது நீ குடா முடிகிற முனைக்கு வெளியே, துடுப்பால் வலித்துக்கொண்டிருந்தாயாம். பொழுது பட இன்னும் அரை மணித்தியாலம் இருந்திருக்கும். உதடு நீலமாகக் கரையேறி வந்தாய். நான் உன்னைக் கட்டிப்பிடிக்க வந்தேன், நீ கையால் தள்ளிவிட்டு, "பாஸ்தா மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டாய்.

ஊதுகுழல்காரர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு, "அறுபதும் சரியாகத்தானே இருந்தது," என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அறுபது சரியாகத்தான் இருந்தது. அவருக்கு நீ கணக்கில் வராதது ஒரு விஷயம். எனக்கு வராதது எப்படி? உன்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவள், ஒரே போத்தலில் தேத்தண்ணி குடித்தவள், உன் தகடு எங்கே என்று ஒருநாளும் நினைக்கவில்லை. என் தகட்டையும் நினைக்கவில்லை. வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன தகடு?

திரும்பும்போது பஸ்ஸில் நீ பேசவே இல்லை. ஒரேத்தோவுக்குப் போகிற பஸ்ஸுக்கு மாற இறங்கும்போது மட்டும் சொன்னாய்: "என்னைக் கண்ணாலை காணாமல் இனி எல்லாரும் எண்டு சொல்லாதை."

அடுத்த ஞாயிறு இரண்டு தகட்டோடு வந்தாய். அறுபதுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி அறைந்தாய். ஊதுகுழல்காரர் வந்து, இது போட்டிக்காரர்களின் பலகை என்று மெதுவாகச் சொல்ல, "நாங்களும்தான் நனையிறம்," என்று உன் உடைந்த இத்தாலியனில் சொன்னாய். மனுசன் திரும்பிப் போய்விட்டார். எனக்கு என்னத்துக்கு, நான் கரையில்தானே நிற்கிறேன் என்றேன். "படகு இறக்கிற அந்தப் பாசிச் சரிவிலை வழுக்கி விழுந்தாயெண்டால் ஆர் பாக்கிறது? காலமை எடு, பஸ்ஸுக்குப் போகேக்கை கொழுவு. இல்லையெண்டால் நீ கடலுக்கை எண்டுதான் நான் நினைப்பன்." அறுபத்தொன்றை என் ஏப்ரன் பைக்குள் திணித்துவிட்டாய். பிறகு ஒருநாளும் உன்னைக் காணாமல் நான் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. நீயும் வேண்டுமென்றே வண்டிலுக்குப் பின்னால் ஒளிந்துநின்று என்னை அலைக்கழித்திருக்கிறாய்.

போன பங்குனியில், கடைசிப் போட்டியன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாய். அந்த ஈர ஜாக்கெட்டோடேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் கிழமை நான் பார்க்க வந்தபோது பாதி ஆளாகியிருந்தாய். ஆனால் வாய் குறையவில்லை. "அறுபத்திரண்டு என்னட்டைதான் கிடக்கு. அதை ஒருதருக்கும் குடுத்துப்போடாதை. நானே கொண்டந்து கொழுவுறன்," என்றாய். ஓம் என்றேன். உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னம் நீ போய்விட்டாய்.

இந்தக் கார்த்திகையில் புதுப் போட்டி தொடங்கியபோது உன் இடத்துக்குப் பாஸ்கரன் என்று ஒருவர் வந்தார். மட்டக்களப்புப் பக்கம், எங்களைவிடப் பத்து வயது குறைவு. நல்ல அமைதி, கடல் தெரிந்த மனுசன். அறுபத்திரண்டு சும்மாதானே இருக்கிறது, அந்த இலக்கத்தில் ஒன்று வெட்டி அவருக்குக் கொடு என்றார் ஊதுகுழல்காரர். அது சும்மா இல்லை, அந்த ஆள் இன்னும் வரவில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. சரி, அவருக்குப் புதிதாக அறுபத்திமூன்று என்றாவது வெட்டியிருக்கலாம். ஒரு ஆணி அறைய அரை நிமிஷம் காணும். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று நான் செய்யவில்லை. முழங்கால் நோ, சிஞ்ஞோரா இரவில் நித்திரை கொள்ள விடுவதில்லை, எனக்கு அலுப்பு என்று உனக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. உன் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அறைய எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாக்கெட் வருவதற்கு முந்தின ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? மழையும் காற்றும், ஐந்து கத்தமரானோ கவிழ்ந்தன. ஒருவழியாக அறுபதும் வந்து சேர்ந்தன. ஊதுகுழல்காரர் கேட்டார். பலகையைப் பார்த்தேன். உன் ஆணி வெறுமையாக இருந்தது. அது மாதக்கணக்காக வெறுமைதான், என் கண்ணுக்கு அது பழகிவிட்டது. "துத்தி ஆ தேர்ரா," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பாஸ்கரன் நனைந்து சொட்டச் சொட்ட வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. "அக்கா, நான் மிதவை தூக்கிட்டு இருக்கக்குள்ள வோக்கியில உங்கட குரல் கேட்டிச்சி. எல்லாரும் வந்திட்டாங்களாம். அப்ப நான் ஆரு எண்டு நினைச்சன்," என்று சிரித்தார். அந்த ஆளுக்கு எங்கள் பழைய கதை தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். உன்னை மறக்காமல் இருக்கிறேன் என்று நான் பொத்திவைத்த ஆணி, இன்னோர் ஆளைக் கணக்கில் இல்லாமல் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

நாலு நாள் கழித்து மெற்றில்டா ஜாக்கெட்டோடு வந்தாள்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை பிடித்தேன். ஒருதருக்கும் குடுக்காதை என்று நீதானே சொன்னாய் என்றேன். "அது நான் வருவன் எண்டு சொன்ன கதை. செத்த ஆளுக்கு என்னத்துக்கடி நம்பர்?" என்று நீ கேட்டது எனக்கு அச்சொட்டாகக் கேட்டது. நீ இருந்திருந்தால் இதைவிடக் கெட்ட வார்த்தையில் கேட்டிருப்பாய்.

நேற்று ஞாயிறு. பாஸ்கரனைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூடின தட்டு, எஞ்சினில் சுற்றின கயிறு, ஏன் எனக்கும் ஒரு தகடு, எல்லாம். அவர் தகட்டை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பி ஒலிவ் மரத்தைப் பார்த்தார். நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொண்டு எஞ்சினை இழுத்தார். நான் அன்று முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பாஸ்தாவை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். பின்னேரம் அறுபதும் வந்தபிறகு ஊதுகுழல்காரர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். இன்னொருமுறை கேட்டார். பொறுங்கள் என்றேன். பாஸ்கரன் படகைக் கட்டிவிட்டு, சரிவில் ஏறி வந்து, தன் கையால் கொழுவினார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த ஆணியில் ஒரு தகடு. வந்தது நீ இல்லை. எனக்கு அது நோகத்தான் செய்தது. ஆனால் கண்ணால் கண்டேன், கண்டபிறகுதான் சொன்னேன்.

பிறகு பஸ்ஸில் ஏறி இருந்தேன். நீ எப்போதும் இருக்கிற பக்கத்தில் என் பையை வைத்தேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இருக்கும்போது போன் அடித்தது. பாஸ்கரன்.

"அக்கா, உங்கட அறுபத்தொண்டு ஆணியில இல்லயே. எங்க நிக்கிறீங்க?"

பைக்குள் கிடந்த ஏப்ரனைத் தடவினேன். தகடு அதற்குள் இருந்தது.

"கதவு பூட்ட வந்தன், பார்த்தா இல்ல. சரிவுப் பக்கமெல்லாம் போய்ப் பார்த்திட்டன், அக்கா. நீங்க கரையிலயா, கடலுக்குள்ளயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது. உன்னைத் தவிர ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"கரையிலைதான் நிக்கிறன், தம்பி," என்றேன். "நீர் பூட்டிப்போட்டுப் போம். வாற ஞாயிறு நானே கொண்டந்து கொழுவுறன்."