வெற்றிலைக்கொடி செத்த காரணம்

வெள்ளவத்தை
14.6.1937

அன்புள்ள மகள் பத்மாவதிக்கு,

நாங்கள் சுகம், ஈப்போவில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாயிருக்கக் கதிரேசனை வேண்டுகிறேன். சுகமென்று எழுதினாலும் ஒரு மாதமாக இந்த வீட்டில் எனக்கு எல்லாமே அருவருப்பாயிருக்கிறது. கிணற்றடியில் நின்ற வெற்றிலைக்கொடி அடியிலிருந்து கருகியது, உடனே உன் அப்பாவின் தமக்கை சிவக்கொழுந்து மாமி உன் தம்பி பெண்சாதி பாலேஸ்வரியைப் பிடித்துக்கொண்டாள். மாதத்துடக்கோடை கொடியைத் தொட்டிட்டாள், தாய்வீட்டுக்கு அனுப்புங்கோ என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கலியாணமாகி மூன்று மாதமான பிள்ளை அறையைவிட்டு வெளியே வரவில்லை, உன் தம்பியோ விடியமுன் வேலைக்குப் போய் இரவிலேதான் வந்தான், அவனைப் பார்க்கவும் எனக்கு வெறுத்துப்போயிற்று.

ஒருநாள் காலையில் மாமி மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு கொடியடியில் கவிழ்க்கக் கண்டேன். மண்ணைக் கிளறினால் வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று புழு நெளிந்தது, அந்த நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். கேட்டதற்கு, ஓம், நாள்தோறும் ஊத்துறனான், உரந்தானே என்றாள். நான் பாலேஸ்வரியைக் கூப்பிட்டு, அழுகாத நுனிக்கொடியை மும்மூன்று கணுவாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக முருங்கையடி நிழலில் நடச் சொன்னேன். நீர் தேங்காதபடி மணலும் பழஞ்சாணியும் கலந்த மண். அவளுக்கு அன்று துடக்கின் இரண்டாம் நாள், தயங்கினாள், நான் விடவில்லை. இருபது நாளில் எல்லாம் துளிர்த்தன. மாமி விருந்தாளிகளோடு வந்து பார்த்து நல்ல கைராசி என்றாள். யார் கை, எந்த நாள் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

மகள், மாமியை ஏசிவிட்டு வந்து படுத்தபோதுதான் உன் நினைவு வந்தது. உனக்குப் பதினாலு வயதில் இதே கிணற்றடியில் ஒரு கொடி செத்தது. நீ அந்த நாளில் தொட்டாய் என்று உன்னை அடித்தேன், நீ இல்லையென்று அழுதாய். அந்தக் கொடிக்கும் மீன் தண்ணீர்தான், ஊற்றியது நான். எனக்கு என்னையே அருவருப்பாயிருக்கிறது. கடையில்தான் வெற்றிலை வாங்குகிறோம் என்று எழுதினாயே, வீட்டு வளவில் ஏன் ஒரு கொடி வைக்கவில்லை என்று இரண்டு தரம் கேட்டும் நீ பதில் எழுதவில்லை. இப்போது விளங்குகிறது.

குழந்தையை மழையில் விடாதே. நீங்கள் மூவரும் நீடு வாழ வேண்டும். மறவாமல் ஒரு கொடி வை, மூன்று கணு போதும். நாள் பார்க்காதே.

உன்னை அடித்த அம்மா,
அன்னலட்சுமி