சுனாமி வானுக்குப் புதுப்பெயர்

2010 ஜனவரி 17, ஞாயிறு

இன்றைய கூத்தை எழுதியே ஆகவேண்டும். கட்டுநாயக்க ஏர்போட்டிலிருந்து அறுகம்பைக்கு என் வானில் ஏற்றி வந்த வெள்ளைக்கார அம்மா, இறங்கும்போது ஒரு பெரிய பை தந்தா. என் பிள்ளைகளுக்காம். வீட்டில் திறந்தால் சின்னப் பிள்ளைகளின் பழைய உடுப்பு. எங்கட மகள் ஸில்மியாவுக்கு இருபத்தொரு வயசு. ஒரு குட்டிச் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "வாப்பா, நம்மள என்னண்டு நினைச்சிரிக்காங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த அம்மாவில் பிழை இல்லை. 2005இல் நான் நிவாரணக்காரரை ஏற்றித் திரிந்தபோது அவர்களில் ஒருவர் சும்மா செய்து தந்த வெப்சைட்டைப் பார்த்துத்தான் அவ என்னைப் பிடித்தா. அதன் பெயரே 'சுனாமி உதவி வான்'. இப்போது சண்டையும் முடிந்து, வெளிநாட்டுக்காரர் அலையில் சறுக்க வருகிறார்கள். வெப்சைட்டில் நான் இன்னும் அகதி முகாமில்தான் நிற்கிறேன்.

ஆனால் கூகுளில் 'கொழும்பு அறுகம்பை வான்' என்று தேடினால் முதலில் வருவது நான்தான். எட்டாம் வகுப்போடு விட்டவன் வேறு எதில் முதலாவதாக வந்தேன்?

பெயரை மாற்றப் போகிறேன்.

ஜனவரி 20

கல்முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சசிகரனிடம் போனேன். பாண்டிருப்பு ஆள். நல்லவன், அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னைக் 'காக்கா' என்பான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"காக்கா, பேர மாத்துறது லேசு. ஆனா கூகுளுக்குப் பழக்கம் பழைய பேர்தான். அதப் பூட்டிட்டுப் புதுசத் திறந்தா, நீங்க நேத்துப் பொறந்தவர்."

"அப்ப என்ன செய்யிற?"

"பழைய பக்கம் ஒவ்வொண்டிலயும் 'நிரந்தரமா இங்க மாறிட்டம்' எண்டு வைக்கணும். வாடகைப் பக்கத்துக்கு வந்தவன் புது வாடகைப் பக்கத்துக்குப் போகணும். பாதைப் பக்கத்துக்கு வந்தவன் புதுப் பாதைப் பக்கத்துக்கு."

பதினொரு பக்கம் இருக்காம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவரை முன்வாசலால் கூப்பிட்டு, இருத்தி, ஒரு தேத்தண்ணி குடுத்துட்டுத்தானே விசயம் கதைக்கிற? எல்லாரையும் முதல் பக்கத்துக்கே அனுப்பு என்றேன்.

"அது வீடு காக்கா. இது வேற."

"எங்கட வழக்கத்த எனக்குப் படிப்பிக்காத."

மனைவி ஸுல்பிகா கேட்டுவிட்டுச் சொன்னது: "வாற தொழிலக் கெடுத்துட்டு, மறுகா பழையபடி கட்டாருக்குப் போறண்டு நிக்காதீங்க."

பெப்ரவரி 4

'கல்முனை வான்' திறந்தாச்சு. முதல் பக்கத்தில் பெரிய ஸலாம். வானுக்கு முன்னால் குடும்பமாக நிற்கும் படம். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறேன். இழுத்தும் பிரயோசனமில்லை. பழைய பதினொரு பக்கமும் இங்கேதான் வந்து சேரும்.

பெப்ரவரி 11

இன்னும் முதலாவது. அல்ஹம்துலில்லாஹ். சசிகரனை நல்லா நக்கலடித்தேன்.

மார்ச் 3

மூன்று கிழமையாக ஒரு ஃபோனும் வரவில்லை. பழுதோ என்று ஸுல்பிகாவின் ஃபோனிலிருந்து எனக்கு நானே எடுத்தேன். அடிக்கிறது. எடுத்து "ஹலோ" என்றும் சொன்னேன், பைத்தியம்.

மார்ச் 9

மச்சான் ஸாலிஹ் கட்டாரிலிருந்து, தோஹாவிலிருந்து, ஃபோன் எடுத்தார். வீட்டு ட்ரைவர் வேலை, விசா கையில். "ஏப்ரல் முப்பதுக்குள்ள ஓமா இல்லையா எண்டு சொல்லு."

முன்னம் ஏழு வருசம் அங்கே இருந்தேன். ஸில்மியா கதைக்கப் பழகியதைக் கேஸட்டில்தான் கேட்டேன். இனியும் போவதா? போகாமல் எதைச் சாப்பிடுவது?

மார்ச் 10

கூகுளில் முதல் பக்கத்தில் நான் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் இல்லை. நாலாம் பக்கத்தில், கண்டிக் கோழிப்பண்ணை ஒன்றுக்குக் கீழே.

சசிகரன் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு ஜெர்மன்காரரின் ஈமெயிலைக் காட்டினான்: 'மொனராகலைப் பாதை பற்றிப் படிக்க வந்தேன். உங்கள் குடும்பப் படம் வந்தது. அழகான குடும்பம். பாதை எங்கே?'

"கூகுளும் இவரப் போலதான் காக்கா. பாதையத் தேடி வந்திச்சு, உங்கட வயித்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டு."

வானில் எட்டுப் பேரை ஏற்றினால் எட்டுப் பேரையும் அவரவர் வீட்டுக் கேற்றடியில் இறக்குகிறவன் நான். இங்கே பதினொரு பேரையும் பஸ் ஸ்டாண்டில் தள்ளிவிட்டு ஸலாம் சொல்லியிருக்கிறேன்!

மார்ச் 11

காலையிலிருந்து அஸர் தொழுகை வரை சசிகரனின் கடையில். தாளில் ஒரு பக்கம் பழைய முகவரி, எதிரே புதியது. வாடகைக்கு வாடகை, பாதைக்குப் பாதை. பத்து முடிந்தது. பதினொன்றாவதுக்கு எதிரே ஒன்றுமில்லை. 2005 படங்கள். நான் புதுசில் வேண்டாமென்று விட்ட பக்கம்.

"உலகத்துல மற்ற வெப்சைட்காரர் கூடுதலாக் காட்டிவிடுறது இந்தப் பக்கத்தத்தான்," என்றான். "கூகுள் உங்கள மதிக்கிறதும் அதாலதான். இத எங்க அனுப்புற?"

முதல் படம் சாய்ந்தமருதுக் கடற்கரை. கூரையில்லாத வீடு. அலை வந்தபோது அதற்குள்தான் என் உம்மா இருந்தா.

தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஸுல்பிகாவிடம் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டே, "அதுக்கும் ஒரு பக்கம் வையுங்க. நடந்ததுதானே. பேருலதான் வேணாம்."

மார்ச் 12

வைத்தாச்சு. படங்களுக்குக் கீழே ஆறு வரி நானே எழுதினேன். பிழை திருத்த வேண்டாம் என்றேன் சசிகரனிடம். பழைய பெயரையும் விடக்கூடாதாம், வருசா வருசம் புதுப்பிக்கணுமாம். விட்டால் வேறொருவன் எடுத்துக்கொள்வான், வாறவங்களும் அவனோட போயிடுவாங்க.

மார்ச் 29

மூன்றாம் பக்கம். கோழிப்பண்ணையை முந்திவிட்டேன்.

ஏப்ரல் 13

இரண்டாம் பக்கம். சசிகரன் சொல்கிறான்: "ஒரு நாளைக்கு ஆறு தரம் தேடாதீங்க காக்கா, கூகுளுக்கு வெக்கமா இரிக்கும்."

ஏப்ரல் 19

பாஸ்போட்டைத் தேடினேன், சும்மா திகதி பார்க்க. அலுமாரியில் ஸுல்பிகாவின் கலியாணச் சாரிக்கு அடியில் கிடந்தது. நான் அங்கே வைக்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

ஏப்ரல் 24

ஃபோன்! ஒரு டென்மார்க் தம்பதி. பாதைப் பக்கத்தைப் படித்துவிட்டு எடுத்தார்களாம். அம்பாறை வழியா, மொனராகலை வழியா என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

மே 4

கட்டுநாயக்க, வானுக்குள் இருந்து எழுதுகிறேன். டென்மார்க் தம்பதியின் ப்ளேன் ஒன்றரை மணித்தியாலம் சுணக்கம்.

இப்போதான் ஸுல்பிகா எடுத்தாள். வெப்சைட்டில் போட்டிருக்கும் மற்ற நம்பர் அவளுடையது, அதற்கு ரெண்டு பேர் கதைத்தார்களாம். ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை. ரெண்டு பேருக்கும் ஓம் சொல்லிவிட்டாள்.

"ஒரு வான் ரெண்டு இடத்துக்கு எப்பிடிப் போற?"

"நல்ல மனிசரா கதைச்சாங்க. எப்பிடி இல்லண்டு சொல்லுற?"

பொத்துவிலில் வான் ஓட்டும் ஸைனுலாப்தீனுக்கு ஃபோன் எடுத்து ஒன்றை அவர் தலையில் கட்டினேன். சந்தோசமாக ஏற்றுக்கொண்டார்.

பிறகு டயறியில் இந்தப் பக்கத்துக்குத் திகதி போட்டபோதுதான் விளங்கியது. மச்சானுக்கு முப்பதாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாலு நாள் கழிந்துவிட்டது. நான் மறந்தே போனேன்.

ஸுல்பிகா மறந்திருக்க மாட்டாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!