கையுறைக்குள் ஒரு பெயர்

ஒரு காலத்துத் தோழிக்கு,

உன் கண்காட்சிப் படத்தை மோனிகா போனில் காட்டினாள். தகடு வெட்டும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவள். “இன்னாக்கா, நீ வரைஞ்ச கிளவுஸெல்லாம் மாட்டி வெச்சிக்கீறாங்க, உன் பேரே இல்லியே?” என்றாள்.

நான் போட்டுக் கிழிந்த கையுறைகளில், சாப்பாட்டு நேரத்தில் நான் வரைந்த நாற்பது முகங்கள். யாரிடமாவது காட்டி எனக்கொரு வாய்ப்புக் கேள் என்றுதானே உன்னிடம் கொடுத்தேன்? நீ எழுதி வைத்திருக்கிறாய்: ‘கும்மிடிப்பூண்டியில் கண்டெடுத்தவை. வரைந்தவர் தெரியவில்லை.’

ஓவியக் கல்லூரியில் நான்கு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளைத் தெரியவில்லை! ஆனால் இன்னும் இருபது வேண்டுமென்று நேற்று போன் செய்ய மட்டும் என் நம்பர் தெரிந்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இங்கே கையுறை காணாமல் போகும். அதனால் புதிதாகக் கொடுத்ததுமே கையுறையின் மணிக்கட்டுப் பகுதியில், உள்பக்கம் அவரவர் பெயரை எழுதிவிடுவோம். அந்த நாற்பதிலும் என் பெயர் இருக்கிறது. நீ ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வருகிறேன். ‘தொடாதீர்கள்’ என்று போர்டு வைத்திருப்பாய். எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகத் திருப்பப்போகிறேன்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது உன் சுவரில் நாற்பது இடத்தில் தொங்குகிறது.