மோட்டார் ரூமில் இருந்த சிலுவை

இன்று காலை கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி மாற்ற எலக்ட்ரீசியன் வந்தான். பழைய பெட்டியைக் கழற்றியதும் அதன் பின்னாலிருந்து கிரீஸ் வாடையோடு ஒரு துணி முடிச்சு விழுந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். விரல் நீளத்துக்கு மரச்சிலுவை. நடுவில் நீ வைத்த மஞ்சளும் குங்குமமும் கறையாகக் காய்ந்திருந்தன. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஒளித்து வைத்தவனே நான்தான்.

நம் பையன் ராசிபுரம் ரோட்டில் வண்டியோடு விழுந்த அன்று, சேலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் அதை உனக்குக் கொடுத்தது அந்தச் செவ்வாய்ப்பேட்டை நர்ஸம்மா. டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனபின் நீ அழவில்லை. நானும் அழவில்லை. உன் கை மட்டும் சேலையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. நர்ஸம்மா தன் பையிலிருந்து எடுத்து உன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "சும்மா புடிச்சுக்குங்கம்மா" என்றார். பையனின் காரியமெல்லாம் முடிந்த பிறகும் நீ அதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் சிலுவைக்கும் ஒரு பொட்டு வைப்பாய். இதற்கெல்லாம் யாராவது பொட்டு வைப்பார்களா என்று கேட்டேன். வெறும் நெற்றியோடு ஒரு சாமியை வீட்டில் எப்படி வைத்திருப்பது என்றாய். ஒருநாள் சோறு போடும்போது நீயாகவே சொன்னாய். "ஏனுங்க, அந்தச் சாமியச் சிலுவையில அடிக்கறப்ப, பெத்த தாயி பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தாங்களாமா. எனக்கு எப்படி இருக்குதுன்னு அந்தம்மாளுக்குத் தெரியுமுங்க."

நான் ரசம் ஊற்றச் சொன்னேன். அப்போது யார் என்ன சொன்னாலும் என் காதோடு நின்றுவிடும். இப்போதும் அப்படித்தான்.

பையன் இறந்த வருசம் நமக்கு நோம்பி, பண்டிகை எதுவும் இல்லை. அடுத்த வருசம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டுவதற்கு முன்னால் என் அண்ணன் வந்தார். நாம் மதம் மாறிவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள் என்றார். "அதைய ஊட்டுல வெச்சுக்கிட்டு உம் பொண்டாட்டி எப்படிடா தீர்த்தக்கொடம் எடுப்பா?" என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பையனும் போய்விட்டான். ஊரும் ஒதுக்கிவிட்டால் நம் வாசலுக்கு யார் வருவார்கள்?

நீ கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். உள்ளே போட்டுவிடத்தான் போனேன். மோட்டார் ரூம் வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கை வரவில்லை. பக்தி என்று சொன்னால் பொய். அந்த நாட்களில் எந்த வேலையையும் முழுதாகச் செய்ய எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தேன்.

நீ கேட்கவில்லை. தேடவும் இல்லை. அந்த வருசம் தீர்த்தக்குடம் எடுத்தாய். அண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் நீ டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் உன் வலது கை மூடியே இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாமல். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்துபோய் எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எடுத்தது நான் என்று தெரிந்துவிடும். மூன்று வருசம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் நீயும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை.

உன் கருமாதிக்கு மறுநாள் நர்ஸம்மா பஸ் பிடித்து வந்தார். பிரஷர் மாத்திரை வாங்கச் சேலம் போகும்போதெல்லாம் நீ அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவாயாம். அதுவே எனக்குப் புதுச்செய்தி. உன் கையில் சிலுவையைக் காணாமல், வேறு ஒன்று தரட்டுமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். நீ வேண்டாம் என்றாயாம். அன்றைக்கு நீ சொன்னதை அப்படியே சொன்னார்.

"தொலையலீங்க. அவருகிட்டத்தான் இருக்குது. தண்ணி குடிக்க வந்தப்பப் பாத்தேன். மோட்டார் ரூம்ல தனியா நின்னு, கையில புடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவருந்தானுங்க பையனப் பறிகுடுத்தவரு. எங்கிட்டக் கேக்கக் கூச்சமா இருந்திருக்கும். அவருக்கே இருக்கட்டும்."

நர்ஸம்மாவுக்குக் காபி கொடுத்து, கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நான் அதைக் கிணற்றில் போட நின்றதைத்தான் நீ பார்த்தாய். நான் திருடினேன். நீ அதை எனக்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, மூன்று வருசம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாய்.

இதை எழுதும்போது அது என் இடது கையில் இருக்கிறது. உனக்குக் கிடைத்த ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. ஆனால் கையை விரிக்க முடியவில்லை.